நம் கரையை நீயும் எழுத வேண்டும்

பாம்பன்

அன்புள்ள காசிம்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். வாடை தொடங்கிவிட்டது, வடகடலில் வள்ளம் இறக்க முடியவில்லை, எல்லாரும் தென்கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். செல்வம் மகளுக்கு தை மாதம் கல்யாணம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வரும். நீ வராவிட்டால் பரோட்டாக் கணக்கு வட்டியோடு ஏறும் என்று சொல்லச் சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்ள, நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆரம்பித்துவிட்டேன். இதை போனில் சொன்னால் நீ இரண்டு நிமிடத்தில் கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஒரு நாள் இரவு சும்மா நம் பக்கத்து ஊர்களைத் தேடிப் பார்த்தேன். பாலத்துக்கு, கோயிலுக்கு, தனுஷ்கோடிக்கு எழுத ஆள் இருக்கிறது. கடற்கரைச் சிற்றூர் என்று போனால் பல இடங்களில் இரண்டு வரி, மூன்று வரியோடு முடிந்துவிடுகிறது. 2003-இல் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்கள் கட்டியது. யாழ்ப்பாணத்துக்காரர், கோயம்புத்தூர்க்காரர், துபாயில் இருப்பவர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள். நம் கரையை அவர்கள் வந்து எழுதுவார்கள் என்று நாம் காத்திருப்பதில் என்ன நியாயம்?

கணக்கு திறந்தேன். திறந்த கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில் வரவேற்பு எழுதி, எங்கே தொடங்கலாம் என்று இணைப்புகள் போட்டிருந்தார். மணல்தொட்டி என்று ஒரு பக்கம் தருகிறார்கள், அதில் எதை வேண்டுமானாலும் எழுதிப் பழகலாம். நான் முதலில் எழுத்துப்பிழைதான் திருத்தினேன். அப்புறம் ஒரு ஊர்க் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தேன். நீயும் அப்படியே தொடங்கு, எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரைக்குப் போகாதே. தப்பாகப் போனால் என்ன செய்வது என்று பயமும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் ‘வரலாறு’ பக்கத்தில் நிற்கிறது, யார் வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்பலாம். யாரிடமாவது ஏதாவது கேட்டால் கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போடு. உன் பெயரும் நேரமும் தானாக விழும்.

இனிதான் உன்னிடம் பேச நினைத்தது. கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். காலில் தகடு கட்டுவது, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவது, கண்ணாடி போட்டு மூச்சடக்கி முங்குவது, மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரைப் பாசி எது, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் மட்டும் போவது என்று பெண்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, எல்லாம் எழுதினேன். மறுநாள் பார்த்தால் பாதி வரிகளுக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று நிற்கிறது.

மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நாற்பது வருஷம் முங்கியவள் சொன்னதற்கு மேல் என்ன சான்று? பேச்சுப் பக்கத்தில் இதையே கேட்டேன். பதில் எழுதியவர் இலங்கைக்காரர். பொறுமையாக எழுதினார்: உங்கள் அம்மா சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் படிக்கிறவர் நம்மை நம்பத் தேவையில்லாமல் தானே சரிபார்க்க வழி இருக்க வேண்டும் என்று. ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்ப் புயலில் அடித்துப்போன ரயிலை நினைத்துப் பார். அதில் எத்தனை பேர் போனார்கள் என்று நம் ஊரில் நாலு பேரைக் கேள், நாலு கணக்கு சொல்வார்கள். நாலு பேரும் சத்தியம் செய்வார்கள். அவரவர் கேட்டதை அவரவர் எழுதினால் அந்தப் பக்கம் என்ன ஆகும்? எனக்கு அந்த விதி சரி என்றே படுகிறது, வலித்தாலும்.

அதனால் தேட ஆரம்பித்தேன். நம் மண்டபத்தில் இருக்கிறதே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1971 வரை அதற்குத் தலைமையிடமே அங்கேதான். அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பாசியிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருள் எடுப்பது வரை அதில் இருக்கிறது. பாசி எடுக்கும் சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தபோது வந்த செய்திகளில் பெண்கள் போட்ட கட்டுப்பாடும் வந்திருக்கிறது. ஒவ்வொரு வரியாகச் சான்று கட்டி முடித்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘தகடு கட்டுறதுக்கு முன்னாடி காலில் துணி சுத்துவோம்ல, அதை எங்கே காணோம்?’ என்றாள். அதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை.

அந்த ஒரு வரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. இப்படி எத்தனை வரி எங்கேயும் அச்சாகாமல் இருக்கிறது? இங்கேதான் உன் வாப்பா ஞாபகம் வந்தது. சங்கு குளியைப் பற்றி, அதாவது கடலில் முங்கிச் சங்கு எடுப்பதைப் பற்றி, ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார், இணையத்தில் படிக்கலாம், சான்றாகவும் காட்டலாம். ஆனால் கீழக்கரையில் உன் வாப்பா சங்கு குளித்த காலம் அதற்கு எவ்வளவோ பின்னால். அவர் எந்தப் பாரில் (கடலடித் திட்டில்) இறங்கினார், கயிறு பிடித்தது யார், வலம்புரி ஒன்று கிடைத்தால் கரையில் என்ன நடக்கும், இதெல்லாம் அவரோடு இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன் காசிம். பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் சீக்கிரம் களைத்துவிடுகிறார். நீ போனில் உடம்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாயாம், அவரே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் உன் மேல் கோபம் வந்தது.

நாம் அவர் பேச்சைப் பதிவு செய்தால் அது நேராக விக்கிப்பீடியாவில் ஏறாது. ஆனால் எழுதி ஒரு பத்திரிகையில் வந்துவிட்டால், அல்லது கல்லூரி ஆள் யாராவது ஆராய்ச்சியில் சேர்த்து நூலாக்கினால், நாளைக்கு நமக்குத் தெரியாத ஒருவர் அதைச் சான்றாகக் காட்டுவார். ராமநாதபுரத்தில் கோமதி டீச்சரிடம் பேசிவிட்டேன். அவர் தயார். நான் பதிவுக் கருவியோடு கீழக்கரை போகிறேன். நீ வாரம் ஒரு முறை வீடியோவில் வந்து வாப்பாவிடம் கேள்வி கேள். நீ கேட்டால்தான் அவர் திறப்பார்.

இன்னொன்று, உன் படங்கள். அந்தக் கேமராவைத் தோளிலிருந்து இறக்காமல் திரிந்தாயே, பாலம் நடுவில் பிளந்து நிற்கும் படம், வத்தைப் படகுகள், சங்கு குவித்த முற்றம். பழைய பாலத்தில் இப்போது ரயில் இல்லை, 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலம்தான். உன் படங்களின் மதிப்பு உனக்குத் தெரியவில்லை. விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழிக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம், காசுக்கு விற்கும் புத்தகத்திலும் போடலாம், உன் பெயரைச் சொன்னால் போதும். அதற்குச் சம்மதமாக இருந்தால் மட்டும் ஏற்று. நீ எடுத்ததை மட்டும் எடுத்து வை. ஸ்டூடியோக்காரர் எடுத்தது வேண்டாம், அதற்கு உரிமை யாருக்கு என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் இடமும் வருஷமும் எழுது. வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் ‘ஏறத்தாழ’ என்று போடு, ஊகித்து எழுதாதே.

படப்பெட்டி மாடி அலமாரியில் இருக்கிறதா, உன் தங்கை வீட்டிலா என்று மட்டும் உடனே சொல். கீழக்கரை போகும்போது நானே எடுத்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேவியர்