இடது கையைக் கேள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது, போனை உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் பதில் போட இவ்வளவு தாமதம். இன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன். தங்கச்சிக்கு சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டு இங்கே எல்லோருக்கும் நிம்மதி.

உன் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். பியானோ சார் அவளுக்கு ஒரு பூகி-வூகி பாடம் கொடுத்திருக்கிறார், அவர் அதை ப்ளூஸ் என்கிறார், புத்தக அட்டையிலோ ஜாஸ் என்று போட்டிருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தாய். "எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது" என்றும் எழுதியிருந்தாய். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நாட்களில் மகன் தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தான். வேறு வேலையே கிடையாது. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க பியானோ இசைத்தட்டுகளை, அந்தக் கரகரப்போடு, திரும்பத் திரும்பக் கேட்டேன். வலது கையைக் கேட்கும்வரை எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. இடது கையை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டபோது இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

காலேஜ் ட்ரூப்பில் நீ கீபோர்டு வாசித்தபோது இடது கை வேலையை மெஷினில் இருந்த ரிதமுக்கு விட்டுவிடுவாய். அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களுக்கு டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாமே அந்த ஐந்து விரல்தான். அந்த விரல்களை என்ன செய்ய வைத்தார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

முதலில் ஜாஸ் பக்கம். ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பியானோக்காரரைக் கேள். 1894-இல் நியூஜெர்சியில் பிறந்து, சிறுவனாக நியூயார்க்குக்கு வந்தவர். அவர் 1921-இல் பதிவு செய்த 'கரோலினா ஷவுட்' எனக்கு இப்போது மனப்பாடம். அந்தப் பாணிக்கு ஸ்ட்ரைட் என்று பேர். நீளமாகக் காலடி எடுத்து வைத்து நடப்பது என்று பொருள். இடது கை முதல் அடிக்குக் கீழ்க்கோடியில் போய் ஒரு கனமான ஸ்வரத்தைத் தட்டும், இரண்டாவது அடிக்கு நடுப் பியானோவுக்குத் தாவி வந்து ஒரு கார்டை, அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து, வைக்கும், மூன்றாவதுக்கு மறுபடி கீழே, நாலாவதுக்கு மறுபடி மேலே. இரண்டு ஸ்தாயி தூரத்தை, கட்டையைப் பார்க்காமல், நல்ல வேகத்தில், ஒரு பாட்டு முழுக்கத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதோடு ஜான்சன் விடவில்லை. திடீரென்று அந்தக் 'கீழே மேலே' ஒழுங்கைக் கலைத்து, எட்டு எண்ணிக்கையை தகிட தகிட தக என்று மூன்று, மூன்று, இரண்டாக இடது கையிலேயே பிரித்துவிடுவார். வலது கை ஒன்றும் நடக்காததுபோலத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். முதல் தடவை அந்த இடத்தில் எனக்குத் தாளம் தவறிவிட்டது. மூன்றாவது தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குத் தாய்வீடு ராக்டைம். இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் மிசௌரி மாநிலத்துச் சிறு ஊரான செடாலியாவில் இருந்தபோது, 1899-இல் 'மேப்பிள் லீஃப் ராக்' அச்சில் வந்தது. ராக்டைம் தாளில் எழுதப்பட்ட இசை. பெரும்பாலும் 16 பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) கொண்ட பகுதிகள், ஒன்று முடிந்ததும் அடுத்தது, சரணத்துக்குச் சரணம் வேறு மெட்டு. இடது கை அங்கேயும் தாவும், ஆனால் ராணுவ பேண்டு வாத்தியம்போல நிதானமாக. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்காரர்கள் அதை எடுத்து வேகமும் ஊசலும் கூட்டி, எழுதினதை எழுதினபடி வாசிக்காமல் ஒவ்வொரு தடவையும் மாற்றி வாசித்தார்கள். அந்த மாற்றி வாசிக்கும் சுதந்திரத்தில்தான் ஜாஸ் பியானோ பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஹார்லெமில் வாடகை கட்ட முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு விருந்து வைத்து, வருகிறவர்களிடம் வாசலில் காசு வாங்குவார்கள். அங்கே பியானோக்காரர்கள் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வாசிப்பார்கள். அதனால் அந்த இசையில் ஒரு போட்டி மிடுக்கு இருக்கிறது. 'கரோலினா ஷவுட்' அங்கே நுழைவுத் தேர்வு மாதிரி. அதை வாசிக்கத் தெரியாதவனைப் பெரியவர்கள் மதிக்க மாட்டார்கள். தானாக வாசிக்கும் பியானோவுக்கென்று துளையிட்ட காகிதச் சுருள்கள் விற்ற காலம் அது. பின்னால் பெரிய ஜாஸ் பேண்டு நடத்திய டியூக் எலிங்டன் வாஷிங்டனில் இளைஞனாக இருந்தபோது அந்தச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, தானாக அமுங்கும் கட்டைகள் மேல் தன் விரலை வைத்து வைத்தே இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டார். பின்னால் ஜான்சன் அந்த ஊருக்கு வந்தபோது அவர் முன்னாலேயே வாசித்தும் காட்டினார். குரு பக்கத்தில் இல்லாமல் கட்டைகளின் அசைவிலிருந்தே பாடம் எடுத்த அந்தப் பையனை நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்கிறது.

இப்போது ப்ளூஸ் பக்கம் வா. ப்ளூஸ் பியானோவின் தொடக்கம் கிழக்கு டெக்சாஸிலும் லூசியானாவிலும், மரம் வெட்டும் முகாம்களில். வேலை முடிந்த கூலிக்காரர்கள் குடிப்பதற்கு ஒரு கொட்டகை, அதற்குள் சாராயப் பீப்பாய்கள், மூலையில் ஒரு பழைய பியானோ. பீப்பாய்க் கொட்டகையின் பேராலேயே அந்த வாசிப்பை பேரல்ஹவுஸ் என்றார்கள். சுருதி கலைந்த பியானோ, ஒலிபெருக்கி கிடையாது, சுற்றிலும் சத்தம், ஆட வேண்டிய கால்கள். அங்கே நுணுக்கமான தாவல்கள் எடுபடாது. இடது கை ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாருக்கு எட்டு என்று ஒரே சொற்கட்டை ராத்திரி முழுக்க உருட்ட வேண்டும். அதுதான் பூகி-வூகி. ஸ்ட்ரைட்டின் இடது கை பயணம் போகிறது, ப்ளூஸின் இடது கை அம்மியில் அரைக்கிறது. எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

அமைப்பும் வேறு. ப்ளூஸில் பகுதி பகுதியாக மெட்டு மாறாது. 12 பார் கொண்ட ஒரே சுற்று. ஸ-வில் நாலு பார், ம-வில் இரண்டு, திரும்ப ஸ-வில் இரண்டு, ப-வில் ஒன்று, ம-வில் ஒன்று, கடைசி இரண்டும் ஸ-வில். பாட்டும் அதற்கு ஏற்ற மாதிரி: ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு பதிலாக ஒரு வரி. வரிக்கும் வரிக்கும் நடுவே பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் வலது கை பதில் சொல்லும். பாடுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் ஒரே ஆள் என்பதால், வலது கை அவருடைய இன்னொரு தொண்டை.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம். ப்ளூஸ் பாடகர் மூன்றாம் ஸ்வரத்தையும் ஏழாம் ஸ்வரத்தையும் நேராகப் பிடிக்க மாட்டார், வளைத்துக் கொஞ்சம் கீழே இழுப்பார். கிடாரில் தந்தியை இழுத்துவிடலாம். பியானோவில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அந்தச் சங்கடம் உடனே புரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி: கருப்புக் கட்டையை அமுக்கிய விரலையே பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி விடுவது, அல்லது அரை ஸ்வர இடைவெளியில் இருக்கும் இரண்டையும் சேர்த்து நசுக்கிவிட்டு ஒன்றைச் சட்டென்று விடுவது. இல்லாத ஸ்வரம் அந்த உரசலில் ஒரு நொடி வந்துபோகிறது. உன் பேத்திக்கு சார் அதைச் சொல்லித் தந்திருக்கிறாரா என்று கேள். நோட்ஸில் சின்ன எழுத்தில் முன்னால் போட்டிருக்கும். அதை அலங்காரம் என்று நினைத்து அவள் விட்டுவிடக் கூடாது. அது போனால் ப்ளூஸே போச்சு.

தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களோடு இந்த இசையும் சிகாகோவுக்குப் போனது. அங்கே பைன்டாப் ஸ்மித், மீட் லக்ஸ் லூயிஸ், ஆல்பர்ட் அம்மன்ஸ் என்ற பியானோக்காரர்கள் மூவரும் ஒரு சமயம் ஒரே கட்டிடத்தில் குடியிருந்தார்கள். லூயிஸும் அம்மன்ஸும் டாக்சி ஓட்டினார்கள். 1928 டிசம்பரில் பைன்டாப் பதிவு செய்த தட்டின் பெயரிலேயே 'பூகி-வூகி' என்று இருந்தது. அதிலிருந்துதான் பாணிக்கே அந்தப் பெயர் நிலைத்தது. வாசித்துக்கொண்டே ஆடுகிறவர்களுக்கு எப்போது நிற்க வேண்டும், எப்போது ஆட வேண்டும் என்று பேசிக்கொண்டே போவார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1929 மார்ச்சில் ஒரு நடன அரங்கில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். வயது 24. அந்தத் தட்டில் கேட்கிற சந்தோஷமான குரலை இந்த விவரம் தெரிந்த பிறகு கேட்பது கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் எனக்கு எல்லோருக்கும் மேலானவர் ஜிம்மி யான்சி. சிறுவயதில் மேடைகளில் கால்தாள நடனம் ஆடி ஐரோப்பாவரை போய் வந்தவர். அப்புறம் சிகாகோவில், ஒயிட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மைதானத்தில் 25 வருஷம் புல்தரை பராமரிக்கும் வேலை. பியானோ வீட்டு விருந்துகளில் மட்டும். 1939-இல் தன் நாற்பதுகளில்தான் முதல் தட்டு பதிவானது. வேகம் இல்லை, சத்தம் இல்லை. இடது கை ஒரு சொற்கட்டை விட்டு விட்டு வைக்கும். வைக்காத இடத்திலும் தாளம் கேட்கும். எந்த ஸ்கேலில் வாசித்தாலும் கடைசியில் ஈ ஃபிளாட் என்ற ஸ்கேலுக்குப் போய்த்தான் முடிப்பார். ஏன் என்று எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. வேலைவிட்டு வந்தவர் வீட்டுப் படியேறுவது மாதிரி அது எனக்குப் பழகிவிட்டது. கண் வலித்த ராத்திரிகளில் யான்சிதான் துணை.

இவ்வளவு சொன்னதால் நடுவில் ஒரு சுவர் இருந்தது என்று நினைத்துவிடாதே. நியூ ஆர்லியன்ஸ்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் ஜாஸின் பெரிய தலை. அவர் தான் சின்ன வயதில் கேட்ட முதல் ப்ளூஸ் என்று சொல்வது, அந்த ஊரில் மேமி டெஸ்டூன்ஸ் என்ற பெண் வாசித்ததை. அந்த அம்மாளுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மூன்று விரலால் அவர் வாசித்ததை மார்ட்டன் கடைசிவரை மறக்கவில்லை. 1938-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், நாட்டுப்புற இசையைத் தேடிச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் அவரை உட்கார வைத்துப் பேசவும் வாசிக்கவும் வைத்துப் பதிவு செய்தார். அதில் மார்ட்டன் அதே 'மேப்பிள் லீஃப் ராக்'கை முதலில் மிசௌரிக்காரர்கள் மாதிரி விறைப்பாகவும், பிறகு தன் பாணியில் இடது கையை ஊஞ்சலாட விட்டும் வாசித்துக் காட்டுகிறார். ராக்டைம் எங்கே ஜாஸ் ஆகிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டுவேன்.

நம் ஜான்சனையே எடுத்துக்கொள். தாவுவதில் மன்னர். அவர் 1927 பிப்ரவரியில் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்குப் பக்கவாத்தியமாக 'பேக்வாட்டர் ப்ளூஸ்' வாசித்தார். வெள்ளத்தில் வீடிழந்த பெண்ணின் பாட்டு. அதில் அவர் தன் வித்தையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார். இடது கை கீழே கீழே உருண்டு இடி இடிக்கிறது, தண்ணீர் ஏறுகிறது. வலது கை அந்த அம்மாள் வரியை முடிக்கும்வரை காத்திருந்து ஒரு சின்னப் பதில் சொல்கிறது. இரண்டு மாதத்தில் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அந்த ஜனங்களுக்கு இந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும், யோசித்துப் பார்.

1928-இலிருந்து ஜாஸும் ப்ளூஸும் வேறு வேறு பக்கம் போயின. ஜாஸ் பியானோக்காரர் ஏர்ல் ஹைன்ஸ் இடது கையை நடுவழியில் நிறுத்தி, உடைத்து, லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு சரிக்குச் சரி பேச ஆரம்பித்தார். அதே வருஷம் இண்டியானாபோலிஸில் லெராய் கார் என்ற ப்ளூஸ் பியானோக்காரர், ஒரு கிடாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மெதுவாக, தனக்குள் பாடுகிற மாதிரி ப்ளூஸ் பதிவு செய்தார். பத்து வருஷம் கழித்து, 1938 டிசம்பர் 23 அன்று, நியூயார்க் கார்னகி அரங்கில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் நடத்திய கச்சேரியில் ஜேம்ஸ் பி. ஜான்சனும், அம்மன்ஸ், லூயிஸ் ஆகிய பூகி-வூகிக்காரர்களும் ஒரே மேடை ஏறினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஹாமண்ட் தேடிக் கண்டுபிடித்தபோது லூயிஸ் கார் கழுவிக்கொண்டிருந்தார். அந்த ராத்திரிக்குப் பிறகு நாடு முழுக்க பூகி-வூகிப் பைத்தியம் பிடித்தது. பெரிய ஜாஸ் பேண்டுகள் எல்லாம் அதை வாசித்தன. புத்தக அட்டையில் ஜாஸ் என்று வந்தது அப்படித்தான் இருக்கும்.

ஆக, சார் சொல்வதுதான் சரி. அது ப்ளூஸ் வீட்டுப் பிள்ளை, ஜாஸ் வீட்டில் வளர்ந்தது.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு உதவி செய். பேத்தியை அந்தப் பாடத்தின் இடது கையை மட்டும், வலது கையைத் தொடாமல், பத்து நிமிஷம் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லு. தோள் வலிக்கிறது என்பாள், பரவாயில்லை, மணிக்கட்டைத் தளர்த்திக்கொள்ளச் சொல். அதை உன் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. கண் கட்டோடு படுத்திருக்கும்போது யான்சிக்கு அப்புறம் அதைப் போட்டுக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்