பில் என் பேரில், வைஃபை ஊர் பேரில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவதுதான் வேலை. விடிகாலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் குரல் கொடுக்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவன். அப்படிப்பட்டவன் வீட்டு வைஃபையிலேயே பேர் தெரியாத ஆட்கள் எத்தனை மாதமாகவோ உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயரை மாற்றினார்கள், நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தோட்டத்து லய வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டாலும் வீடுகள் என்னவோ வரிசைதான், இடையில் ஒரே சுவர், பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். வைஃபைக்கும் அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை, தெருவரைக்கும் போகிறது.

மாலை ஆறு மணி ஆனால் போதும், எங்கள் இணையம் ஆமையாகிவிடும். கம்பெனிக்கு மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் "மோடத்தை அடைத்துத் திறங்கள்" என்றார்கள். போன மாதம் பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன் லீவுக்கு வந்தவன், ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, அதிலிருந்த முகவரியைப் போனில் தட்டி உள்ளே போனான். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. உள்ளே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தது. எங்கள் வீட்டில் டிவியோடு சேர்த்து ஆறு. பட்டியலில் பதினேழு! அதில் ஒன்று சிசிடிவி கேமரா. எங்கள் வீட்டில் கேமராவே கிடையாது.

"தாத்தா, யார் யாருக்கு பாஸ்வேர்டு குடுத்தீங்க?" என்று கேட்டான். யோசித்தேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியபோது, வரிசையில் நாலைந்து பிள்ளைகள் பாடம் படிக்க வழியில்லாமல் இருந்தார்கள், கூப்பிட்டுக் கொடுத்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் ஒருத்தருக்குக் கொடுத்தது ஒருத்தரோடு நிற்பதில்லை. போனில் சேமித்து வைத்த வைஃபையைக் கட்டம் போட்ட கியூஆர் படமாகக் காட்டி அடுத்தவருக்கு ஏற்றிவிடலாமாம், கடவுச்சொல்லை வாய் திறந்து சொல்லவே வேண்டாம். போதாததற்கு நான் வைத்திருந்தது வீட்டுப் போன் நம்பர். எட்டு எண், அதிலும் முதல் எண்கள் ஊரில் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோல. எவனாவது வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நம் போன் ரவுட்டரோடு இணையும் அந்தக் கணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரே ஊகித்துவிடும். எண் மட்டும் என்றால் அதற்கு அது வேலையே இல்லை.

"சரி, நாலு பேர் பார்த்துவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன குறைந்தது" என்று என் வீட்டம்மா சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு ஞாபகம் வந்தது. 2012-இல் கொண்டுவந்தார்கள், அதை எதிர்த்து அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி பல இணையத் தளங்கள் கறுப்புத் திரை போட்டன, சிலருக்கு நினைவிருக்கலாம். ஓர் இணைய இணைப்பிலிருந்து ஏதாவது வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவரே வெளியிட்டார் என்று அந்தப் பிரிவு எடுத்துக்கொள்ளும். நான் இல்லை என்றால், அதை நிரூபிப்பது என் பாடு. பின் வரிசைப் பையன் எவனாவது ராத்திரி இரண்டு மணிக்கு யாரையாவது அசிங்கமாக எழுதித் தள்ளினால் காலையில் கதவைத் தட்டுவது என் வீட்டில். மாதம் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் கட்டி இந்த வம்பு தேவையா?

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே உட்கார்ந்தோம். முதலில் ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றினோம், அது வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு, இரண்டும் ஒன்று என்றே நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வைஃபைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினோம். எட்டிலிருந்து அறுபத்து மூன்று எழுத்துவரை வைக்கலாம், எட்டிலேயே ஏன் நிற்க வேண்டும்? பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது 3 இருக்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய மோடத்தை எடுத்து மாட்டுகிறவர்கள் கவனியுங்கள், டபிள்யூஇபி என்று இருந்தால் 2001-லேயே உடைந்துபோன பூட்டு அது.

பொத்தானை அழுத்தினால் இணைந்துவிடும் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கண்டிப்பாக அடைத்து வையுங்கள். அதற்குள் எட்டு எண் கொண்ட ஒரு ரகசியக் குறியீடு (PIN) ஒளிந்திருக்கிறது. எட்டு எண் என்றால் பத்துக் கோடி வகை, பயமில்லை என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, முதல் நாலு சரியா தப்பா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது, கடைசி எண்ணோ மற்ற ஏழையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஆக முதல் பாதிக்குப் பத்தாயிரம், இரண்டாம் பாதிக்கு ஆயிரம், மொத்தம் 11,000 முயற்சிதான். 2011 கடைசியில் வெளியே தெரிந்த ஓட்டை இது.

போன் கடைத் தம்பி சொன்ன இரண்டு யோசனைகள் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஒன்று, வைஃபை பெயரை மறைத்து வைப்பது. தோட்டத்துப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் தோட்டம் காணாமல் போய்விடுமா? தேடுகிறவனுக்கு அது தெரியத்தான் செய்யும். இன்னொன்று, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, மேக் எண் என்பார்கள், அதைப் பதிந்து, அவற்றை மட்டும் உள்ளே விடுவது. அந்த எண் மறைப்பே இல்லாமல் காற்றில் போய் வருகிறது, கேட்டுக்கொண்டிருப்பவன் அதையே தன் எண் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரட்டில் முனியாண்டி பேருக்கு மாரிமுத்து "இருக்கேன்" என்று சொல்லும் அதே வித்தை. எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

வருகிறவர்களுக்கு என்று தனியாக விருந்தினர் இணைப்பு ஒன்றைத் திறந்தோம். நம் கம்ப்யூட்டர், டிவி பக்கம் அவர்கள் வர முடியாது. ஆனால் ஒன்று, வெளியே போகும்போது அதுவும் என் பேரில்தான் போகிறது, 114ஏ-க்கு விருந்தாளி, வீட்டு ஆள் என்ற பேதம் இல்லை. அதனால் முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு அடைத்துவிடுகிறேன்.

ஆசிரியர் ஐயா, இணையம் பொருத்த வருகிற தம்பிகள் இதையெல்லாம் பத்து நிமிடத்தில் வீட்டுக்காரர் முன்னாலேயே செய்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் "பாஸ்வேர்டு ஸ்டிக்கர்ல இருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கம்பெனிகள் இதைப் பொருத்தும் வேலையிலேயே சேர்க்க வேண்டும்.

மாற்றி மூன்றாம் நாள் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து, நான் இதுவரை பேசியே இராத ஓர் ஆள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து கேட்டார்: "அங்கிள், ரெண்டு மூணு நாளா லைனே இல்லையே, பில்லு கட்டலையா?"

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்