இன்டர்லூக்கின்-6 எலைசா கிட்: புதிய லாட்டின் ஸ்டாண்டர்டு குப்பியில் குறைபாடு

பெறுநர்: மேலாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மனித இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதத்தை இரு ஆன்டிபாடிகளுக்கிடையே பிடித்து அளக்கும் உங்கள் சாண்ட்விச் எலைசா கிட்டின் புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி), உள்ளதைவிட ஏறக்குறைய இரு மடங்கு அளவு காட்டுகிறது. எல்பிஎஸ் என்ற பாக்டீரியா நச்சுப்பொருளைக் கொடுத்துத் தூண்டிய வெள்ளணுக்களின் ஊடகத்தைச் சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்து, கட்டுப்பாட்டு மாதிரியாகப் பயன்படுத்துகிறோம். பழைய லாட்டில் மி.லி.க்கு 120 பிகோகிராம் வந்த அதே மாதிரிக்கு இப்போது 230 வருகிறது.

450 நானோமீட்டரில் அந்த மாதிரியின் ஓடி (ஒளி உறிஞ்சல் அளவு) இரண்டு லாட்டிலும் 0.7தான். இன்டர்லூக்கின் சேர்க்காத வெற்றுக் குழியும் மாறவில்லை, 0.06. மாதிரியின் அளவைக் கணக்கிட உதவும், செறிவு தெரிந்த ஸ்டாண்டர்டு வரிசை மட்டும் இறங்கியிருக்கிறது: 600 பிகோகிராம் குழியில் முன்பு 2.4, இப்போது 1.4. பிடிக்கும் ஆன்டிபாடியோ, பயோட்டின் ஏற்றிய ஆன்டிபாடியோ, நிறம் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டவிடின்-எச்ஆர்பி நொதியோ கெட்டிருந்தால் மாதிரியின் ஓடியும் சேர்ந்தே விழுந்திருக்கும். தட்டை நன்றாகக் கழுவுங்கள் என்று உங்கள் உதவிப் பிரிவு எழுதிய பதில் இதற்குப் பொருந்தாது. கழுவல் போதாவிட்டால் முதலில் ஏறுவது வெற்றுக் குழிதான்.

குப்பிகளை மாற்றி வைத்தும் பார்த்தோம். பழைய ஸ்டாண்டர்டு புதிய தட்டில் 2.4 தந்தது, புதிய ஸ்டாண்டர்டு பழைய தட்டிலும் 1.4ஐத் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 89/548 என்ற எண்ணுள்ள இன்டர்லூக்கின்-6 ஸ்டாண்டர்டை 200 பிகோகிராமுக்கு நீர்த்து வைத்தபோது பழைய ஸ்டாண்டர்டின் வளைவில் 208 வந்தது, புதியதன் வளைவில் 390.

குப்பியைத் திறக்குமுன் சுழற்றி இறக்கி, கிட்டோடு வந்த, புரதம் ஒட்டாமல் தடுக்கும் 1% பிஎஸ்ஏ கரைசலில்தான் கரைத்தோம். ஆகவே மூடியில் ஒட்டிய தூளோ, குழாய்ச் சுவரில் ஒட்டிய புரதமோ காரணமாக இருக்க வாய்ப்பில்லை. குப்பியில் நிரப்பிய அளவு குறைந்திருக்க வேண்டும், அல்லது உறைநிலை உலர்த்தலில் புரதம் சிதைந்திருக்க வேண்டும். எது என்று உங்கள் இருப்புக் குப்பிகளைச் சோதித்தால்தான் தெரியும்.

தரச் சான்றிதழில், புள்ளிகள் வளைவோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.99 என்று மட்டுமே இருக்கிறது. பாதிச் செறிவுள்ள ஸ்டாண்டர்டும் அதே அழகான வளைவைத் தரும்! இந்தப் பிழையைக் காட்டாத எண்ணை வைத்து லாட்டை வெளியிட்டது எப்படி?

89/548ஐ ஒப்பிட்டு மதிப்பிட்ட, வேறு லாட்டின் ஸ்டாண்டர்டு குப்பிகளை உடனே அனுப்புங்கள். வீணான தட்டுகளுக்கு ஈடு தாருங்கள். இந்த லாட்டை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆய்வின் நடுவே இந்த லாட்டுக்கு மாறியவர்களின் தரவில் இது உண்மையான அழற்சி உயர்வு போலவே தெரியும்.

இணைப்பு: தட்டு வரைபடங்கள், மூல ஓடி அட்டவணை, லாட் எண் தெரியும் குப்பிப் படங்கள். திறக்காத குப்பிகளை மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்கிறோம், ஆளனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், நோயெதிர்ப்பியல் ஆய்வகம்