உள்ளூர்க் கீரையை வாங்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2030க்குள் சிங்கப்பூரின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்யும் இலக்கு 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. அதற்காக சிறு பண்ணைகளின் பசுமை முயற்சியே தோற்றுவிட்டது என்று பேசுவது சரியில்லை.

அடுக்கு அடுக்காகக் கீரை வளர்க்கும் உள்ளரங்குப் பண்ணை தண்ணீரையும் நிலத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் மின்கட்டணம் அந்த லாபத்தைத் தின்றுவிடும். மலேசியாவிலிருந்து வரும் கீரையோ விலை குறைவு. புதுமை எவ்வளவு இருந்தாலும், நிலையாக வாங்க ஆளில்லாமல் பண்ணை நிற்காது.

உணவுத் தொழில் பசுமை வழிக்கு மாறுவது இதைவிடக் கொஞ்சம் எளிது. மாவு அரைக்கும் கடையோ சிற்றுண்டி நிலையமோ மின்சாரம் குறைவாக இழுக்கும் குளிர்பெட்டிக்கு மாறினால் மாதாமாதம் செலவு குறையும். எரிசக்திச் சிக்கன மானியமும் உண்டு. ஆனால் முதலில் கைக்காசு போட்டு வாங்கிய பிறகுதான் மானியம் வரும். சிறு முதலாளிகள் தயங்குவது அங்கேதான். ஒரு பகுதியை முன்பணமாகத் தரலாமே!

அப்புறம், நம் உணவகங்களும் கோயில் அன்னதானக் கூடங்களும் வாரம் ஒரு நாளாவது உள்ளூர்க் கீரைக்கு நிலையான ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உட்லண்ட்ஸ் வாசகர்