பீமாவுக்கு வந்த டானிக்

திண்டுக்கல்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கௌசி,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபத்தில் இருப்பதாக உன் தம்பி சொன்னான். கோபப்படு, நியாயம்தான்.

அவனிடம் நீ கொடுத்தனுப்பிய பை வந்து சேர்ந்தது. முறுக்கு அன்றைக்கே தீர்ந்தது. பீமாவுக்கென்று நீ வைத்த கால்சியம் டானிக்கைத்தான் நாலு நாளாக அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைத் திறக்கப் போவதில்லை, கௌசி. காரணம் சொல்லாவிட்டால் நீ தப்பாக நினைப்பாய். அதோடு உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இதில் இருக்கிறது.

முதலில் பீமா. பெங்களூர் போவதற்கு முன்னால் அருண் கொண்டுவந்து விட்ட கிரேட் டேன் ஜாதி நாய்க்குட்டி. வந்த அன்று 8 வாரம், எட்டரைக் கிலோ. ஒன்றரை வருஷத்தில் 60 கிலோவைத் தொட்டுவிடுவான். பாதம் ஒவ்வொன்றும் இட்லி அளவு. சமையலறை மொசைக்கில் ஓடிவந்தால் கால் நாலும் நாலு திசையில் போகும். அப்படியே வயிறு தரையில் பட உட்கார்ந்து, யாராவது தூக்கிவிடுவார்களா என்று பார்ப்பான்.

வந்ததிலிருந்து ஊரே எனக்கு யோசனை சொல்கிறது. அத்தைக்குப் பால்சோறு. எதிர்வீட்டு மிலிட்டரிக்காரருக்கு தினமும் ஒரு கிலோ கோழி. பால்காரருக்கு முட்டை, அதுவும் ஓட்டோடு பொடித்து. உனக்கு டானிக். "பெரிய ஜாதி, நல்லாப் போட்டு வளர்க்கணும்" என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. பெரிய ஜாதி என்பதால்தான் மெதுவாக வளர்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.

நம் பழைய நாய்க்குட்டி மணியை நீ மறந்திருக்க மாட்டாய். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் உன் துப்பட்டாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தாயே. அவன் முன்னங்கால் வளைந்ததற்கு, மாடிப்படியில் விழுந்தான் என்று உன்னிடம் சொன்னேன். அவன் விழவில்லை. சீக்கிரம் உயரட்டும் என்று அப்பா மூன்று மாதம் காலையும் மாலையும் கால்சியம் டானிக் ஊற்றினார், பாலும் முட்டை ஓட்டுப் பொடியும் தனி. நாலாம் மாதம் பாதம் வெளிப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. கடைசியாகக் காட்டிய மாட்டு டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார், கொடுத்த மருந்துதான் காலைக் கெடுத்தது என்று. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அவர் இருக்கும்வரை அதை யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை விடக் கூடாது என்று தேடித் தேடிப் படித்தேன், இங்குள்ள டாக்டரிடமும் கேட்டேன். வளர்ந்த நாய் தனக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அப்படித் தள்ளத் தெரியாது. உள்ளே போனதில் பெரும்பங்கை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், எலும்பு வளரும் நுனிகள் கெட்டுப்போகும். ஹாலந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பீமாவின் சொந்தக்காரர்கள்! புரதம் கூடினால் எலும்பு வளையும் என்கிறார்களே, அது சரியில்லை. கால்சியமும் தீனியும் அளவு மீறினால்தான் ஆபத்து.

மிலிட்டரிக்காரரின் கோழியில் இதற்கு நேர்மாறான ஆபத்து. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கறியும் சோறும் மட்டும் தின்னும் குட்டி கால்சியத்துக்குத் தன் எலும்பையே கரைக்கும். வீட்டுச் சாப்பாட்டில் இரண்டையும் சரியாகக் கட்டிப்போட என்னால் முடியாது, அதனால் பைத் தீவனம்தான் என்று முடிவு செய்தேன்.

அதையும் படம் பார்த்து வாங்க முடியாது. அமெரிக்காவில் தீவனத்துக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, ஈரம் கழித்த கணக்கில் சாதாரணக் குட்டித் தீவனத்தில் கால்சியம் 2.5 சதவீதம் வரை போகலாம். 32 கிலோவுக்கு மேல் வளரப்போகும் குட்டிக்கு 1.8தான் உச்சம், 1.2க்குக் கீழே இறங்கவும் கூடாது. கடையில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏழு பை திருப்பிப் பார்த்தேன். 'லார்ஜ் ப்ரீட் பப்பி' என்று போட்டு, கால்சியத்தையும் அச்சடித்திருந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்றை எடுத்தேன். பழைய தீவனத்தோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றியாகிவிட்டது.

பை கிடைத்ததும் பாதி வேலைதான் முடிந்தது. அளவு இன்னும் முக்கியம். நாலு வேளை, சமையல் தராசில் நிறுத்துப் போடுகிறேன். கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்க்கும் பார்வை இருக்கிறதே, அத்தை எழுந்து பூஜையறைக்குப் போய்விடுகிறார். எனக்கும் கை நீளும். அப்போது லாப்ரடார் கதையை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவில் 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால்பங்கு குறைத்தே மற்றதற்குப் போட்டு வளர்த்தார்கள். குறைவாகத் தின்றவை கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலாக இருந்தன, இடுப்பு மூட்டும் நன்றாக இருந்தது. ஏற்கெனவே பெரிய டேன்களுக்கு ஆயுசு குறைவு, கௌசி. அதில் ஒரு வருஷத்தையாவது என் கையால் கூட்டிக் கொடுக்க முடிந்தால் போதும்.

தினமும் விலாவைத் தடவிப் பார்க்கிறேன். உன் இடது கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவிப் பார், எலும்பு மெல்லிசாகத் தட்டுப்படும். பீமாவின் விலா அப்படி இருக்க வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்றிருந்தால் தீனி கூடுதல், மடக்கிய முஷ்டி மாதிரி துருத்தினால் குறைவு. நேற்று வரை புறங்கைதான்.

அத்தையை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவன் மீசையில் தயிர் இருந்தது. வெங்காயம் போட்ட குழம்பு அவனுக்கு விஷம் என்று மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பொங்கலுக்குக் கட்டாயம் வந்துவிடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெறுங்கையோடு வராதே, பால்கோவா அரைக் கிலோ எனக்கும் அத்தைக்கும். பீமாவுக்கு மதியத் தீவனத்தை நீயே நிறுத்துப் போடு, 110 கிராம். அதற்குள் ஏறியிருந்தால் தராசுப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருப்பேன்.

உன்,
மீனா