இன்ஜின் ஆயிலும் மைலேஜும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோவையில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஆயில் மாற்ற வரும்போது, "நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயிலாகவே ஊற்றிவிடுங்கள்" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இன்ஜின் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அப்படிக் கேட்கிறீர்கள் என்பதை அறிவோம். ஆயினும், கார் நிறுவனத்தின் கையேடு அனுமதிக்காத கிரேடு (கெட்டித்தன்மை வகை) ஆயிலை, வண்டியின் உரிமையாளரே கேட்டாலும் இனி ஊற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவுக்கும் உங்கள் பெட்ரோல் செலவுக்கும் உள்ள தொடர்பை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிட, எஞ்சியதிலும் ஒரு பங்கை இன்ஜினின் உள் உராய்வு எடுத்துக்கொள்கிறது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரை உரசும் இடத்திலும், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் தண்டு சுழலும் பேரிங்குகளிலும் மெல்லிய ஆயில் படலம் ஒன்று நின்று உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கிறது. அந்தப் படலத்தை ஓயாமல் அறுத்துக்கொண்டு சுழல்வதற்கும், ஆயிலைக் குறுகிய பாதைகள் வழியாகப் பம்ப் தள்ளுவதற்கும் ஆகும் விசையும் நீங்கள் நிரப்பும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. ஆயில் கெட்டியாக இருக்க இருக்க அந்தச் செலவு கூடும்.

கேனின் மீதுள்ள 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற குறிகள் இந்தக் கெட்டித்தன்மையைத்தான் சொல்கின்றன. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும், பின்னுள்ள எண் இன்ஜின் சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கும். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் வரையறைப்படி, 100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடு ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (பாகுநிலையை அளக்கும் அலகு) வரையிலும், 50 கிரேடு ஆயிலுக்கு 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்க வேண்டும். அதாவது, சூடான நிலையிலேயே இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. 40 டிகிரியில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: 0டபிள்யூ-20 ஆயில் ஏறத்தாழ 45 சென்டிஸ்டோக் அளவில் நிற்கும்போது, 20டபிள்யூ-50 ஆயில் பெரும்பாலும் 160ஐ ஒட்டி இருக்கும்.

வெயில் பற்றிய எண்ணத்தை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும், மார்கழிப் பனி பெய்தாலும், சூடேறி ஓடும் இன்ஜினில் ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள்தான் இருக்கும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதற்காகத்தான் இருக்கின்றன. ஆகவே கோடையை எண்ணிக் கெட்டியான ஆயில் கேட்பதற்கு இன்றைய கார்களில் தேவை அநேகமாக இல்லை. மாறாக, காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஐந்து கிலோமீட்டரில் வீடு திரும்பும் வண்டியை எண்ணிப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீர் சூடேறும் வேகத்தில் ஆயில் சூடேறாது. அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை இன்ஜின் ஆறிய ஆயிலிலேயே ஓடி முடிக்கிறது; தேனைக் கரண்டியால் கலக்குவது போன்ற அந்தத் தடைக்கு, கெட்டி ஆயில் ஊற்றிய வண்டி தினமும் எரிபொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இழப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். 5டபிள்யூ-30க்காக வடிவமைத்த இன்ஜினில் 10டபிள்யூ-30 ஊற்றினால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை வாகன உரிமையாளர்களுக்குச் சொல்கிறது. அது ஒரே ஒரு படி வேறுபாடு. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது பல படிகள் தாண்டுவதாகும். 2 சதவீதம் என்றே கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 750 லிட்டர் குடிக்கும். அதில் 15 லிட்டர் வீணாகும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஆண்டுதோறும் போகும் தொகை. சரியான ஆயில் மைலேஜை மூன்று நான்கு கிலோமீட்டர் உயர்த்திவிடும் என்று யாராவது சொன்னால், அல்லது அப்படிச் சொல்லி ஒரு குப்பி மருந்தை ஆயிலில் கலக்கச் சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, பழைய வண்டிக்கும் மெல்லிய ஆயில் ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று அதே அழுத்தத்துடன் வேண்டுகிறோம். 15டபிள்யூ-40க்காகச் செய்யப்பட்ட இன்ஜினில் பேரிங் இடைவெளியும் பம்பின் அளவும் அந்தக் கெட்டித்தன்மையைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டிருக்கும். அதில் 0டபிள்யூ-20 ஊற்றினால், பாரம் ஏற்றிக் குன்னூர் மலைப்பாதை ஏறும்போது படலம் மெலிந்து உலோகம் உலோகத்தை உரசத் தொடங்கும்; மிச்சம் பிடித்த பெட்ரோலைப் போல் பல மடங்கு பேரிங் வேலைக்குச் செலவாகும். ஓடித் தேய்ந்து ஆயில் குடிக்கும் இன்ஜின்களுக்கு, கையேட்டிலேயே மாற்றாகச் சொல்லப்பட்டிருக்கும் கிரேடுகளுள் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்து ஊற்றுகிறோம்.

கிரேடு ஒத்திருந்தால் மட்டும் போதாது, தரக்குறியும் பொருந்த வேண்டும். கேனில் உள்ள ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பகுதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று அச்சிட்டிருந்தால், அந்த ஆயில் எரிபொருள் சிக்கனச் சோதனையிலும் தேறியது என்று பொருள். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம், சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் எரிகலவை நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் கோளாறையும் தடுக்கிறது. புகைக்கரி வடிகட்டி பொருத்திய பிஎஸ்-6 (இந்தியப் புகை உமிழ்வு விதி) டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். இல்லாவிட்டால் வடிகட்டியில் சாம்பல் படிந்து, கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை அடிக்கடி நடக்கும், அதற்கும் டீசல்தான் செலவாகும். காருக்கு ஊற்றி மீந்த ஆயிலை பைக்குக்குக் கேட்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும்: பெரும்பாலான பைக்குகளின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே இயங்குவதால், கார் ஆயிலில் உள்ள உராய்வு குறைக்கும் சேர்மங்கள் அதை வழுக்கச் செய்துவிடும்.

அளவும் முக்கியம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால், கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்துக் கலக்கி நுரையாக்கும். விசையும் வீணாகும், மசகும் கெடும். எனவே கேனில் மீந்ததை இன்ஜினில் ஊற்றாமல் உங்களிடமே திருப்பித் தருகிறோம்.

அடுத்த சர்வீசுக்கு வரும்போது வண்டியின் கையேட்டைக் கொண்டுவாருங்கள். அது தொலைந்திருந்தால் ஆர்சி புத்தகம் போதும். மாடல், ஆண்டு, இன்ஜின் வகையை வைத்துச் சரியான கிரேடை நாங்களே பார்த்துச் சொல்கிறோம். முத்திரை உடையாத கேனை உங்கள் கண்முன் திறந்து ஊற்றி, கிரேடையும் தரக்குறியையும் பில்லில் எழுதித் தருவோம். வேறு ஊரில் ஆயில் மாற்ற நேர்ந்தால் அந்தப் பில்லைக் காட்டி அதே ஆயிலைக் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
பட்டறை நிர்வாகத்தினர்