டால்டனுக்கு ஒரே ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜேம்ஸ் பாண்ட் வேடமேற்ற நடிகர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். ஷான் கானரிக்கும் ரோஜர் மூருக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், திமதி டால்டனை மட்டும் இரண்டே படங்களில் மக்களால் நிராகரிக்கப்பட்டவர் என்று ஒரு வரியில் சொல்லி, இலையில் கிடக்கும் கறிவேப்பிலையைப் போல் ஒதுக்கிவிட்டார். அந்த ஒரு வரியில் தகவலும் பிழை, மதிப்பீடும் பிழை என்பது என் எண்ணம்.

தகவல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். டால்டனின் இரண்டாவது படமான ‘லைசன்ஸ் டு கில்’ 1989இல், ‘பேட்மேன்’, இண்டியானா ஜோன்ஸின் மூன்றாவது படம் ஆகியவை வெளிவந்த அதே கோடையில் வந்து மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் அதன் வசூல் சுமார்தான் என்றாலும் உலக அளவில் 150 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டிய படத்தை மக்கள் நிராகரித்ததாகச் சொல்வது பொருந்தாது. அடுத்த படத்துக்கான வேலைகள் தொடங்கிய நிலையில், பாண்ட் உரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்கும் படங்களை வெளியிட்டுவந்த ஸ்டூடியோவின் புதிய உரிமையாளர்களுக்கும் இடையே வழக்கு மூண்டு, ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1989க்கும் 1995க்கும் இடையில் ஒரு பாண்ட் படம்கூட வரவில்லை. காத்திருந்து காத்திருந்து 1994 ஏப்ரலில் டால்டன் தாமாகவே விலகிக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் அவர் விஷயத்தில் நடந்தது.

மதிப்பீட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், 1987இல் நானும் அவரைக் குறை சொன்னவன் என்பதுதான். தேசிய சேவையை முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிது. சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியதே அந்த ஆண்டு நவம்பரில்தான். அவருடைய முதல் பாண்ட் படமான ‘தி லிவிங் டேலைட்ஸ்’ பார்க்க நண்பர்கள் நான்கு பேர் பேருந்தேறிப் போனோம். படம் முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தபோது நாங்கள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு, ‘ஆள் சிரிக்கவே மாட்டேன் என்கிறான்’ என்பதே. ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்று ஜெய்சங்கரைக் கொண்டாடிய தந்தையின் மகன் நான். சட்டை கசங்காமல் சண்டை போட்டு, முடித்ததும் ஒரு குறும்பு வசனத்தை உதிர்ப்பவன்தான் உளவாளி என்று ஊறிப்போயிருந்த எங்களுக்கு, வேலைக்குப் போகவே பிடிக்காதவன் முகத்தோடு வந்து நின்ற டால்டனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அந்த முகந்தான் அவருடைய சாதனை என்பது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மேலதிகாரிகளின் உத்தரவுகளுக்குத் தலையாட்டிவிட்டு ஓய்வுபெற்ற பிறகு, அண்மையில் அப்படத்தை மீண்டும் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில், எதிர்த் தரப்பிலிருந்து தப்பிவரும் ரஷ்யத் தளபதிக்குக் காவலாக பாண்ட் துப்பாக்கியுடன் இருட்டறையில் காத்திருக்கிறார். எதிர்க் கட்டடத்தின் சன்னலில் குறிபார்த்து நிற்பது ஒரு பெண். சற்றுமுன் இசையரங்கில் செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை வாசித்தவள். அவள் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் விதத்திலேயே அவள் தொழில்முறைக் கொலையாளி இல்லை என்று கண்டுகொள்ளும் பாண்ட், உத்தரவை மீறி அவளைச் சுடாமல் அவள் கையிலிருக்கும் துப்பாக்கியைச் சுடுகிறார். மேலே புகார் செய்வேன் என்று சக அதிகாரி சாண்டர்ஸ் மிரட்டும்போது, செய்துகொள், என்னை வேலையிலிருந்து தூக்கினால் நன்றி சொல்வேன் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். இதைச் சொல்லும்போது டால்டனிடம் வீறாப்பு கிடையாது. பல நாள் மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒன்றை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டவரின் அலுப்பு மட்டுமே இருக்கிறது. இந்தக் காட்சிக்கு மூலமான, பாண்டைப் படைத்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங்கின் சிறுகதையில் இருப்பதும் அதே அலுப்புதான். வேடமேற்குமுன் ஃபிளெமிங்கின் கதைகளைத் தேடிப் படித்து, அந்த மனிதனைத் திரையில் கொண்டுவர முயன்றவர் டால்டன்.

அதே சாண்டர்ஸ் பிறகு வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் பாண்டுக்கு உதவி செய்கிறார். ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளத் தொடங்கிய கணத்தில், உணவகத்தின் கண்ணாடிக் கதவு வேகமாக வந்து மோதி சாண்டர்ஸ் இறந்துபோகிறார். ‘ஒற்றர்களுக்கு மரணம்’ என்ற ரஷ்யத் தொடர் எழுதிய பலூன் ஒன்று அங்கே மிதந்து வருகிறது. பாண்ட் அதைக் கையில் எடுத்துப் படித்து, ஒரே பிடியில் நசுக்கி உடைக்கிறார். பிறகு பலூன்கள் தெரியும் திசையில் ஓடித் துப்பாக்கியை நீட்டினால், எதிரே நிற்பவர்கள் ஒரு தாயும் குழந்தையும். துப்பாக்கியை இறக்கிவிட்டு அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். கொலைகாரன் கைக்கெட்டாமல் போன ஆத்திரமும், இன்னும் சற்றுப் பதறியிருந்தால் நாமே கொலைகாரன் ஆகியிருப்போம் என்ற திகிலும் ஒரே முகத்தில் தெரியும். காத்திருக்கும் அந்த செல்லோ கலைஞரிடம் திரும்பி வந்தபின் அவர் குரலில் இருக்கும் வறட்சியை, 1987இல் நடிப்பு வரவில்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். இருபத்திரண்டு வயதில் நாங்கள் யாரும் சக ஊழியர் எவரையும் பறிகொடுத்திருக்கவில்லை.

குறைகளே இல்லை என்று நான் வாதாடவில்லை. குறும்பு வசனங்கள் டால்டனின் வாயில் ஒட்டுவதில்லை. கடன் வாங்கிய சட்டையைப் போல் தொங்குகின்றன. 1986இல் முதலில் தேர்வான பியர்ஸ் பிராஸ்னன் தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தத்தால் வரமுடியாமல் போகவே வாய்ப்பு டால்டனைத் தேடி வந்தது என்பதையும், மூர் காலத்துத் தயாரிப்புக் குழுவே தொடர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். செல்லோ பெட்டியில் அமர்ந்து பனிச்சரிவில் எல்லையைக் கடக்கும் காட்சி மூருக்கென்றே தைத்தது போல் இருக்கிறது. ‘லைசன்ஸ் டு கில்’ படமோ பல இடங்களில் அக்காலத் தொலைக்காட்சித் தொடர்களின் வெளிச்சத்தில் எடுத்தாற்போல் தோன்றுகிறது. ஆனாலும், ராபர்ட் டேவி நடித்த போதைப்பொருள் வியாபாரி சான்செஸ், விசுவாசத்தைத் தவிர வேறெதையும் மதிக்காதவன். அவன் மனத்தில் சந்தேகத்தை விதைத்து அவன் கையாலேயே அவனுடைய ஆட்களைத் தீர்த்துக்கட்ட வைக்கும் பாண்டின் வேலையை நிதானமாகக் காட்டும் பகுதி, அந்தத் தொடரின் வேறெந்தப் படத்துக்கும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

டால்டனைப் பாராட்ட முன்வருகிறவர்கள்கூட, பின்னாளில் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க்குக்குப் பாதை போட்டவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் அதையும் சொல்லவில்லை என்பது வேறு. எனக்கென்னவோ அது பாதிப் பாராட்டாகவே படுகிறது. கிரெய்க்கின் பாண்ட் அடிவாங்கும் உடம்பு. காயங்களை நம் கண்முன் காட்டுபவர். டால்டனுடையவர் காயத்தை உள்ளே வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரும் நடுவயதுக்காரர். முதல் படம் வந்தபோது அவருக்கு 41 வயது. மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பழகிய அவர், ஒரு காட்சியின் பாரத்தை வசனத்தில் ஏற்றாமல் கேட்கும் முகத்தில் ஏற்றத் தெரிந்தவர்.

கட்டுரையாளர் மறுபடியும் பார்ப்பதாக இருந்தால், ‘லைசன்ஸ் டு கில்’ படத்தின் தொடக்கத்தில் வரும் திருமண வீட்டிலிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நண்பர் ஃபீலிக்ஸின் புது மனைவி, அடுத்த திருமணம் உமக்குத்தான் என்று விளையாட்டாகச் சொல்ல, பாண்ட் மறுத்துவிட்டுச் சட்டென்று விடைபெறுகிறார். தான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் திகைக்க, அவருக்கும் ஒரு காலத்தில் திருமணமானது என்று ஃபீலிக்ஸ் தணிந்த குரலில் சொல்கிறார். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன் வேறொரு நடிகர் பாண்டாக நடித்த படத்தில் மணமுடித்த அன்றே மனைவியைப் பறிகொடுத்த துயரம் அது. டால்டன் அதற்காக ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. விடைபெறும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு கணம் வேறெங்கோ பார்க்கிறார், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
தோ பாயோ, சிங்கப்பூர்